உடுமலை – மூணாறு மலைவழி: ஒரு நாள் சுற்றுலாவின் வரலாறு

திருப்பூர், பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மலைச் சுற்றுலாக்களில் பலரும் விரும்புவது உடுமலை – மூணாறு வழியாகும். திருமூர்த்தி மலை, அமராவதி அணை, சின்னாறு, மறையூர், மூணாறு ஆகியவை இவ்வழியில் அடுத்தடுத்து வருகின்றன. விடுமுறை நாட்களில் பின்னலாடை நிறுவனத் தொழிலாளர்களும் பள்ளி மாணவர்களும் வேன்களிலும் பேருந்துகளிலும் இவ்வழியே செல்வதைக் காணலாம். வழிகாட்டிகள் அருவி, அணை, தேயிலைத் தோட்டம் என்று இடங்களை வரிசையாகக் காட்டுவார்கள். அந்த இடங்கள் எப்படி உருவாயின, அவற்றால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை இழந்தார்கள் என்பது சுற்றுலா அட்டவணையில் இடம்பெறுவதில்லை. அந்த வரலாற்றைப் பயணத்தின் வரிசையிலேயே இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வழியின் அமைப்பு

திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டை சுமார் 60 கிலோமீட்டர். அங்கிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர். போக வர ஏறக்குறைய 300 கிலோமீட்டர் என்பதால், விடியற்காலையில் புறப்பட்டால்தான் இரவுக்குள் வீடு திரும்ப முடியும். உடுமலையைத் தாண்டி அமராவதி வரை சமவெளி. ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. சின்னாற்றுப் பாலத்தில் தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் ஆரம்பமாகிறது. அங்கிருந்து மறையூர் வரை சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. மறையூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலும், மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன.

இவ்வழியின் பெரிய சிறப்பு மழையின் வேறுபாடு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து மூணாற்று மலைகளில் மோதி மழையைக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் குறைந்துவிடுகிறது. ஆகவே மூணாற்றில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, அதே சாலையின் கீழ்க்கோடியில் சின்னாற்றில் சுமார் 500 மில்லிமீட்டர் மட்டுமே பெய்கிறது. மழை மறைவுப் பகுதி என்று புவியியல் பாடத்தில் படிப்பதை மூன்று மணி நேரப் பயணத்தில் கண்ணால் காணலாம். முள்மரமும் கள்ளியும் நிறைந்த காட்டில் ஏறத் தொடங்கும் வண்டி, பனிமூட்டத்திற்குள் போய் நிற்கிறது.

பல்லடம் முதல் உடுமலை வரை சாலையின் இருபுறமும் காற்றாலைகள் தென்படும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்னும் இடைவெளி இருப்பதால், பருவக்காற்று அதன் வழியே தடையின்றி நுழைந்து இந்தச் சமவெளியில் வேகமாக வீசுகிறது. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்கள் பலவற்றுக்கு இங்கே சொந்தக் காற்றாலைகள் உண்டு. மலையில் மழையாக விழும் காற்று, கணவாயின் எதிரே மின்சாரமாகிறது.

பின்னலாடை நகரும் தண்ணீரும்

திருப்பூர் மலைநாட்டைத் தேடிச் செல்வதற்குக் குளிர்ச்சி மட்டுமே காரணமன்று. தண்ணீரைப் பார்க்கும் ஆசையும் அதில் கலந்திருக்கிறது. பருத்தி அரைவை ஆலைகளின் ஊராக இருந்த திருப்பூரில் 1920-களில் பின்னலாடைத் தொழில் தொடங்கியது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவை வட்டார ஆலைகளுக்கு மின்சாரம் கிடைத்தது. 1970-களின் இறுதியில் வெளிநாட்டு ஏற்றுமதி தொடங்கிய பிறகு வெளுப்பாலைகளும் சாயப்பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் நகரின் ஊடே ஓடும் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் இடமாயிற்று. கரூர் வரையுள்ள உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயத் தொழிற்சாலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு மாறிய பின்னரே அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன.

அந்த ஊரிலிருந்து போகும் பயணி நிறமற்ற ஆற்றையும் நிறைந்த அணையையும் கண்டு மகிழ்வது இயல்புதான். ஆனால் இவ்வழியில் அவர் நின்று பார்க்கும் பெரிய நீர்ப்பரப்புகளான திருமூர்த்தி, அமராவதி, மாட்டுப்பட்டி ஆகிய மூன்றும் இயற்கை ஏரிகள் அல்ல. மூன்றும் இருபதாம் நூற்றாண்டில் மனிதர் கட்டிய அணைகளால் உண்டானவை. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தேவையும் ஒரு பங்கீடும் இருக்கின்றன.

திருமூர்த்தி மலை

உடுமலைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் திருமூர்த்தி மலை உள்ளது. அடிவாரத்தில் காட்டாற்றங்கரையில் ஒரு பெரும்பாறை. பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் ஓருருவாக எழுந்தருளியுள்ள இடமாக மக்கள் அதை வழிபடுகின்றனர். கோயிலின் பெயர் அமணலிங்கேசுவரர் கோயில். அமணர் என்பது சமணரைக் குறிக்கும் பழஞ்சொல். ஆகவே இது ஒரு காலத்தில் சமணர் தங்கிய இடமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். கொங்கு நாட்டில் விஜயமங்கலம் போன்ற ஊர்களில் சமணக் கோயில்கள் இருப்பதால் இக்கருத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. ஒரு சமயத்தார் வழிபட்ட இடத்தை அடுத்து வந்தோர் தம் வழியில் தொடர்ந்து வழிபடுவது தமிழக வரலாற்றில் புதிதன்று. ஆடி அமாவாசையிலும் மகா சிவராத்திரியிலும் இங்குப் பெருங்கூட்டம் கூடுகிறது.

கோயிலுக்கு மேலே பஞ்சலிங்க அருவி. மலையில் பெய்யும் மழை கீழே இருப்பவருக்குத் தெரியாது. திடீரென்று வெள்ளம் வந்துவிடும். எனவே மழைக்காலத்தில் அருவிக்குச் செல்லத் தடை விதிக்கப்படுகிறது. அடிவாரத்தில் வெயில் அடிக்கையில் ஏன் தடுக்கிறார்கள் என்று முணுமுணுப்பவர்கள் இக்காரணத்தை அறிந்துகொள்வது நல்லது.

இப்பகுதி முன்பு தளி பாளையத்தைச் சேர்ந்திருந்தது. கொங்கு நாட்டுப் பாளையங்களுள் தளியும் ஒன்று. அதன் தலைவர் எத்தலப்ப நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தவர் என்ற செய்தி இவ்வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வருகிறது.

பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம்

கோயிலை அடுத்துள்ள திருமூர்த்தி அணை பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்டது. இது வடார்க்காட்டுப் பாலாறு அன்று. இதே மலையில் பிறக்கும் ஒரு சிற்றாறு. அணையின் கொள்ளளவு 2 டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. இந்தச் சிற்றாறு மட்டும் அணையை நிரப்பிவிடாது. இங்குத் தேங்கும் நீரில் பெரும்பகுதி மலைக்கு அப்பால் மேற்கே ஓடவேண்டிய தண்ணீர்.

ஆனைமலையில் பெய்யும் மழை பெரிதும் அரபிக்கடலை நோக்கியே ஓடுகிறது. அதைக் கிழக்கே திருப்பினால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கேயம் பகுதிகளின் வறண்ட நிலம் பயன்பெறும் என்ற எண்ணம் நெடுங்காலமாக இருந்தது. வேட்டைக்காரன்புதூர் வி.கே.பழனிச்சாமிக் கவுண்டர் இதை வலியுறுத்தினார். முதலமைச்சர் காமராசர், அமைச்சர் சி.சுப்பிரமணியம், பொள்ளாச்சி நா.மகாலிங்கம் ஆகியோரின் முயற்சியில் அது திட்டமாக உருப்பெற்றது. 1961-இல் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். மேல் நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி எனப் பல அணைகள் குகைவழிகளாலும் கால்வாய்களாலும் இணைக்கப்பட்டன. சர்க்கார்பதி மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்தபின், சுமார் 49 கிலோமீட்டர் நீளமுள்ள சமமட்டக் கால்வாய் வழியாகத் தண்ணீர் திருமூர்த்தி அணையை வந்தடைகிறது. மலையின் சாய்வை ஒட்டி, மட்டம் மாறாமல் வெட்டப்பட்ட கால்வாய் என்பதால் இப்பெயர்.

இத்திட்டத்தின் அணைகளுள் சில கேரள எல்லைக்குள் இருந்தாலும் அவற்றை இயக்குவது தமிழ்நாடு. இதற்கான ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செயலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி ஆழியாற்றிலிருந்து சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரைக் கேரளத்துக்குத் தரவேண்டும்.

திருமூர்த்தி அணையைக் கொண்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 3.77 லட்சம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. ஒரே சமயத்தில் எல்லா நிலத்துக்கும் விடும் அளவுக்குத் தண்ணீர் இல்லாததால் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு மண்டலத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முறை வரும். முறை வந்தாலும் கால்வாயின் கடைமடையான வெள்ளகோவில், காங்கேயம் பகுதிகளுக்குப் போதிய நீர் வந்து சேர்வதில்லை என்று அப்பகுதி உழவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர். படகுத்துறையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணிக்கு முன்னால் இருப்பது, பல ஆயிரம் குடும்பங்கள் நாள் எண்ணிக் காத்திருக்கும் தண்ணீராகும்.

அமராவதி அணை

உடுமலைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் அமராவதி அணை. மூணாற்று மலைகளின் கிழக்குச் சரிவில் பிறந்து மறையூர் வழியாக வரும் பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவை சேர்ந்து அமராவதி ஆகின்றன. பாம்பாறும் சின்னாறும் கலக்கும் இடம் கூட்டாறு எனப்படுகிறது. கேரளத்தில் தோன்றும் ஆறுகளுள் கிழக்கு நோக்கி ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே. மூன்றும் காவிரியில் கலக்கின்றன. சங்க நூல்களில் வரும் ஆன்பொருநை இந்த அமராவதியே என்றும், அதன் கரையில் இருந்த வஞ்சி இன்றைய கரூர் என்றும் அறிஞர் பலர் கொள்வர். வஞ்சி கேரளக் கடற்கரையில் இருந்தது என்பாரும் உளர்.

அணை கட்டுவதற்கு முன்பே இவ்வாற்றில் தடுப்பணைகள் அமைத்து வாய்க்கால் வழியாகப் பாசனம் நடந்துவந்தது. குமரலிங்கம், கொழுமம், கணியூர் முதலிய ஊர்கள் நெல்லும் கரும்பும் விளையும் ஆற்றங்கரை ஊர்களாக விளங்கியதற்கு இந்தப் பழைய வாய்க்கால்களே காரணம். காமராசர் ஆட்சியில் 1957-இல் எழுந்த அணை 90 அடி உயரமும் சுமார் 4 டி.எம்.சி. கொள்ளளவும் உடையது. பழைய வாய்க்கால் பாசனத்தோடு புதிய கால்வாய்ப் பாசனமும் சேர்ந்து, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் சுமார் 55,000 ஏக்கருக்கு நீர் தருகிறது. வறட்சி ஆண்டுகளில் பழைய ஆயக்கட்டுக்கு முதலில் தருவதா, புதிய ஆயக்கட்டுக்கும் பகிர்வதா என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் வழங்கிய இறுதித் தீர்ப்பு கேரளத்துக்கு 30 டி.எம்.சி. ஒதுக்கியது. அதில் பாம்பாற்றுப் படுகைக்கு உரியது 3 டி.எம்.சி. அதன் அடிப்படையில் கேரளம் பட்டிச்சேரியில் அணை கட்ட முனைந்தபோது, அமராவதிக்கு வரும் நீர் குறையும் என்று கீழே உள்ள உழவர்கள் அஞ்சினர். மேலே இருப்போருக்கும் தம் நிலத்துக்குத் தண்ணீர் வேண்டும். இந்த ஆற்றின் இரு முனைகளிலும் வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் உழவர்கள் என்பது இவ்வழக்கில் கவனிக்கத்தக்கது.

அமராவதி நீர்த்தேக்கத்தில் சதுப்பு நில முதலைகள் இயற்கையாகப் பெருகி வாழ்கின்றன. தென்னிந்தியாவில் காட்டுச் சூழலில் அவை அதிகமாக உள்ள இடங்களில் இதுவும் ஒன்று. அணைக்கருகே முதலைப் பண்ணை அமைக்கப்பட்டது. நீர்த்தேக்கக் கரையில் கிடைக்கும் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்ப்பது இதன் பணி. 1962-இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியும் அமராவதி நகரில் உள்ளது. அணைக்கு வருவோர் வறுத்த மீன் வாங்கி உண்பது இச்சுற்றுலாவின் பிரிக்க முடியாத பகுதி. அணைமீன் என்றே கேட்டு வாங்குவர்.

சின்னாற்றுக் காடு

ஒன்பதாறு சாவடிக்குப் பிறகு சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உள்ளே செல்கிறது. இது 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பாலத்துக்கு அப்பால் கேரளத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். 1984-இல் அமைக்கப்பட்ட இதன் பரப்பு சுமார் 90 சதுரக் கிலோமீட்டர். சாம்பல் நிற அணிலும் நட்சத்திர ஆமையும் இங்கு வாழ்கின்றன. பாம்பாற்றில் விழும் தூவானம் அருவியைச் சாலையிலிருந்தே தொலைவில் காணலாம்.

கோடையில் காட்டுக்குள் நீர் வற்றும்போது யானைக் கூட்டங்கள் அமராவதி அணை நோக்கி இறங்குகின்றன. மாலையில் வந்து தண்ணீர் குடித்து, விடியுமுன் திரும்பும். அவை இச்சாலையைக் கடந்தாக வேண்டும். வண்டியை நிறுத்தி ஒலி எழுப்புவதும், அருகே சென்று கைப்பேசியில் படம் எடுப்பதும் யானைக்கும் மனிதருக்கும் கேடு. வனத்துறை இவ்வழியில் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் இதற்காகவே.

இக்காட்டில் முதுவர், மலைப்புலையர் முதலிய மக்கள் வாழ்கின்றனர். தளிஞ்சி, மஞ்சம்பட்டி, கோடந்தூர், குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு முதலியவை உடுமலை வட்டத்தைச் சேர்ந்த மலைக் குடியிருப்புகள். மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் திருவுருவை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் முதுவர் என்று பெயர் வந்ததாக அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு.

மறையூரும் அஞ்சுநாடும்

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஐந்து ஊர்கள் சேர்ந்தது அஞ்சுநாடு. பாண்டவர்கள் வனவாசத்தில் மறைந்து வாழ்ந்த ஊர் என்பதால் மறையூர் எனப் பெயர் வந்தது என்று வழிகாட்டிகள் சொல்வர். இங்குப் பாறைகளின் மேல் காணப்படும் கல்வீடுகளையும் அக்கதையோடு இணைப்பர். இவ்வூர் மக்கள் அவற்றை முனியறை என்பர். உண்மையில் அவை பெருங்கற்காலத்தைச் சேர்ந்த கல்திட்டைகள். இறந்தோருக்காகப் பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடியாக வைத்து எழுப்பப்பட்ட நினைவிடங்கள். எழுத்தாளை, அட்டாளை முதலிய இடங்களில் பாறை ஓவியங்களும் உள்ளன. கதையை விட இந்த உண்மை பெரியது. இதிகாசத்தில் பெயர் இடம்பெறாத மலைமக்கள், ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் முன்னோரை மதித்து எழுப்பிய சின்னங்கள் அவை. பல கல்திட்டைகள் சிதைந்துவிட்டன. அவற்றின் மீது ஏறி நின்று படம் எடுப்பதும் பெயர் கிறுக்குவதும் எஞ்சியவற்றையும் அழித்துவிடும்.

மறையூர்ச் சந்தனக் காடு இயற்கையாக வளர்ந்தது. மழை குறைந்த, ஆனால் குளிர்ந்த இந்தச் சரிவு சந்தனத்துக்கு ஏற்றது. சாலையோரம் வேலியிட்டுக் காவல் காக்கப்படும் மரங்களைக் காணலாம். கரும்பு இங்கே முக்கியப் பயிர். வயலருகிலேயே கொட்டகை போட்டு, சாற்றைக் காய்ச்சி, கையால் உருட்டிய மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மூணாறும் தேயிலையும்

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. வார்டு, கான்னர் என்னும் ஆங்கிலேய அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளை அளந்தபோது இம்மலைகள் வரைபடத்தில் இடம்பெறலாயின. 1862-இல் டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமுடியின் உச்சியை அடைந்ததே அச்சிகரத்தைப் பற்றிய முதல் ஏற்றப் பதிவு. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரம்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதற்கு ஆண்டுத் தொகை 3,000 ரூபாய். கண்ணன் தேவன் என்பது அஞ்சுநாட்டு நிலக்கிழார் ஒருவரின் பெயர் என்பர் ஒரு சாரார். வெள்ளையருக்குக் காட்டு வழி காட்டிய இரு மலைவாசிகளின் பெயர் என்பர் மற்றொரு சாரார். எதுவாயினும், மலையின் பாதைகளை முன்பே அறிந்திருந்த முதுவர்களின் துணையால்தான் தோட்டக்காரர்கள் உள்ளே நுழைய முடிந்தது. இவ்வழியின் முதல் வழிகாட்டிகள் அவர்களே.

காப்பியும் சின்கோனாவும் பயிரிட்டுப் பார்த்த பிறகு தேயிலை நிலைபெற்றது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டு, 1908-இல் சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டக்குடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் துறைமுகம் சேர்ந்தன. இந்தக் கொட்டக்குடி தேனி மாவட்டத்தில் உள்ளது. அஞ்சுநாட்டுக் கொட்டக்குடி வேறு. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் போடப்படவில்லை. படகு விடப்படும் மாட்டுப்பட்டி நீர்த்தேக்கம், 1940-இல் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் திட்டத்துக்குத் தண்ணீர் சேமிப்பதற்காக உருவானது.

மறையூர்ச் சாலையில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா, முன்பு தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடு. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கேரள அரசு அந்நிலத்தை மீட்டு, 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கியது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடுகளை இங்கே மிக அருகில் காணலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது.

தேயிலை பறித்தவர்களின் கதை

மூணாற்றுத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தமிழர்கள். லயம் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறைகளாக வாழ்கின்றனர். மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தோட்டத் தொழிலாளர்கள் வந்து போகிறவர்கள் என்ற வாதம் எதிர்ப்பக்கத்தில் வைக்கப்பட்டது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் அவ்வட்டங்களைக் கேரளத்துக்கே பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1-இல் சின்னாறு மாநில எல்லையாயிற்று. அஞ்சுநாட்டார்க்கு இன்றும் உடுமலையே அருகிலுள்ள சமவெளிச் சந்தை நகரம்.

2015 செப்டம்பரில் குறைக்கப்பட்ட போனசுக்கும் கூலிக்கும் எதிராகத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். பெண்கள் ஒற்றுமை என்னும் பொருளில் பெம்பிளை ஒருமை என்று அது அழைக்கப்பட்டது. போனசுக் கோரிக்கையில் அவர்கள் வென்றனர்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இடைவிடாத மழையில், ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. எழுபது பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. இறந்தோரில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். வரையாடு பார்க்க நிற்கும் வரிசையிலிருந்து பெட்டிமுடி வெகுதொலைவில் இல்லை. பசுமைக் கம்பளம் என்று புகழப்படும் தோட்டங்களில் உழைப்போருக்கு இன்றும் ஓய்வுபெற்றால் லயத்தை விட்டு வெளியேற வேண்டிய நிலை. சொந்த வீடும் மனையும் வேண்டும் என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை.

பாதை உள்ளவரும் இல்லாதவரும்

திருப்பூரிலிருந்து வரும் வண்டி 145 கிலோமீட்டர் தார்ச்சாலையில் மலையுச்சி வரை சென்றுவிடுகிறது. ஆனால் அதே மலையில், உடுமலைக்கு நேர் மேலே உள்ள குருமலை, குழிப்பட்டி போன்ற குடியிருப்புகளுக்குச் சரியான பாதை இல்லை. நோயாளிகளையும் பேறுகாலப் பெண்களையும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து திருமூர்த்தி மலைக்கு இறக்கும் செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. புலிகள் காப்பகத்துக்குள் சாலை அமைக்க வனச் சட்டங்கள் பல நிபந்தனைகள் விதிக்கின்றன. அதே வேளையில், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோருக்குப் பள்ளி, மருத்துவமனை, சாலை போன்ற வசதிகளுக்காகக் குறைந்த அளவு வனநிலத்தைப் பயன்படுத்த வழி செய்கிறது. கிராம சபையின் தீர்மானம் அதற்கு அடிப்படை. காட்டைக் காப்பதும் காட்டில் வாழ்வோரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து.

மாணவர்களை இவ்வழியில் அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் சில எளிய பணிகளைத் தரலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெப்பநிலையைக் குறித்து, உயரத்தோடு ஒப்பிடச் சொல்லலாம். திருமூர்த்தி அணையின் அன்றைய நீர்மட்டத்தை எழுதி வைத்து, எந்த மண்டலத்துக்குத் தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது என்று கேட்டறியச் செய்யலாம். தம் ஊர் எந்த ஆற்றின் படுகையில் உள்ளது, தம் வீட்டுக் குழாயில் வரும் நீர் எந்த ஆற்றினுடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். உடுமலை மாணவருக்கு விடை திருமூர்த்தி அணையாக இருக்கும். திருப்பூர் மாணவருக்குப் பவானியும் காவிரியுமாக இருக்கும். கொண்டுபோன நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் எண்ணிப் பார்த்து, அத்தனையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். சின்னாற்றில் வீசப்படும் புட்டி, அடுத்த வெள்ளத்தில் அமராவதி அணைக்கு வந்து, மதகு திறந்ததும் மடத்துக்குளம், தாராபுரம் கடந்து கரூர் வரை போகக்கூடியது.